ஃப்ளை லைனின் நுனி லூப் போனால்: கட்டுவதா, கோர்ப்பதா, உருக்குவதா?

போன செப்டம்பர் கடைசி வாரம். கனடாவில், ஃபெர்கஸ் ஊருக்குப் பக்கத்தில் கிராண்ட் ஆற்றில் முட்டளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். ட்ரவுட் மீன் சீசன் முடிய நாலு நாள்தான் பாக்கி. பின்பக்கம் வீசும்போது தூண்டில் முனையில் இருந்த செயற்கை ஈ போய் ஒரு தேவதாருக் கிளையில் மாட்டிக்கொண்டது. வழக்கம்போல லைனைக் கையில் சுற்றிப் பிடித்து இழுத்தேன். அறுந்தால் கடைசியில் இருக்கும் சன்ன டிப்பெட்தான் அறும், ஒரு ஈ போகும், அவ்வளவுதானே என்று நினைப்பு. பட்டென்று சத்தம். லைனுக்கும் ஈக்கும் நடுவில் இருக்கும் ஒன்பதடி நரம்பு, அதாவது லீடர், கிளையில் முழுசாகத் தொங்கியது. என் கையில் இருந்த லைனின் முனையில், லீடரை மாட்டும் லூப் இருந்த இடத்தில், விளக்குத் திரி மாதிரி ஒரு வெள்ளைப் பிசிறு.

லூப்பின் கழுத்தில் வெடிப்பு விட்டிருந்தது எனக்கு ஜூலையிலேயே தெரியும். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்ததற்கான கூலி அது.

புது லைன் வாங்க வேண்டுமென்றால் நல்லது ஒன்று நூறு டாலரைத் தாண்டிவிடும். முப்பது மீட்டர் லைனில் கெட்டது இரண்டு செ.மீ. அதற்காக மொத்தத்தையும் தூக்கிப் போட மனசு வரவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க அடித்தளத்து மேசையில் உட்கார்ந்து, பழைய லைன் துண்டுகளில் தெரிந்த முறை எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். எதை எப்போது செய்யலாம் என்று அதிலிருந்து எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

இந்த வகைத் தூண்டில் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இங்கே முனையில் இருப்பது இறகும் நூலும் சுற்றிய ஒரு செயற்கை ஈ. அதற்குக் கனமே கிடையாது. அதனால் லைனுக்கே கனம் கொடுத்துச் செய்கிறார்கள். 5ஆம் எண் லைன் என்றால் அதன் முதல் 30 அடி சுமார் 9 கிராம். அந்தத் தடித்த லைன் வளைந்து உருண்டு போய்க் கடைசியில் விரியும்போது லீடரையும் ஈயையும் தண்ணீர்மேல் மெத்தென்று வைக்கும். லீடர் என்பது தங்கூசி நரம்புதான். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் சன்னமாகிக்கொண்டே போகும். தடித்த லைனும் லீடரும் சேரும் இடம்தான் நம் பிரச்சினை. நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் வெள்ளைக்காரர்கள் ட்ரவுட் கொண்டுவந்து விட்ட காலத்தில் இந்த லைன்கள் பட்டு. ஒவ்வொரு நாளும் உலர்த்தி, கொழுப்புத் தடவி வைக்க வேண்டும். 1950களில் மிச்சிகனின் மிட்லண்டில் இருந்து சயன்டிஃபிக் ஆங்க்லர்ஸ் நிறுவனம் பிவிசி பூசிய லைனைக் கொண்டுவந்த பிறகு அந்த வேலை ஒழிந்தது. பூச்சு வெடிக்கிற தொல்லை வந்து சேர்ந்தது.

லைனைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் உள்ளே ஒரு கரு, வெளியே ஒரு பூச்சு. கரு பெரும்பாலும் நைலான் இழைகளைப் பின்னிய மெல்லிய கயிறு. உள்ளே கூடாக இருக்கும். வெப்பமண்டலக் கடலுக்கான லைன்கள் பலவற்றில் கரு ஒற்றைத் தங்கூசி. பூச்சு பிவிசியாக இருக்கும், அல்லது வேல்ஸ் நாட்டின் ஏர்ஃப்ளோ போடுவதுபோலப் பாலியூரித்தேனாக இருக்கும். கரு எது, பூச்சு எது என்று தெரியாமல் வேலையில் இறங்கக் கூடாது. கீழே சொல்லும் முறைகளில் பாதி இந்த இரண்டையும் பொறுத்துத்தான் பலிக்கும் அல்லது பல்லிளிக்கும்.

முதலில் பலத்தைப் பற்றிய பயத்தை விடுங்கள்

எந்த லூப் அதிகக் கனம் தாங்கும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ட்ரவுட்டுக்கு நாம் போடும் 5எக்ஸ் என்ற அளவு டிப்பெட் இரண்டு கிலோ சொச்சத்தில் அறுந்துவிடும். சாதாரண லைனின் கருவே 9 கிலோவுக்குக் குறையாமல் தாங்கும். ஒழுங்காகக் கட்டிய எந்த லூப்பும் டிப்பெட்டை விட இரண்டு மூன்று மடங்கு பலமாகத்தான் இருக்கும்.

கெடுக்கிறது வளைவு. மெத்தென்று வளைகிற லைனும் விறைப்பான ஒரு முடிச்சும் சேரும் இடத்தில் கதவுக் கீல் மாதிரி ஒரு மடிப்பு விழும். ஒவ்வொரு வீச்சுக்கும் அந்த இடம் மட்டும் ஒடிந்து நிமிரும். ஒரு நாளைக்கு ஐந்நூறு வீச்சு என்றால் ஒரு சீசனில் எத்தனை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பூச்சு வெடிக்கும், வெடிப்பு வழியாகத் தண்ணீர் கருவுக்குள் ஏறும், நுனி மிதக்காமல் மூழ்கும். கடைசியில் என் கதைதான். அதனால் ஒரு லூப்பை எடைபோடும்போது நான் பார்ப்பது நாலு விஷயம்: கீல் விழுமா, மிதக்குமா, தூண்டில் தடியின் வளையங்களில் தட்டுமா, ஆற்றங்கரையில் வைத்துச் செய்ய முடியுமா.

பின்னல் உறை லூப்

கடைகளில் சின்னப் பையில் தொங்கும். கூடான நைலான் பின்னலில் ஒரு முனை லூப்பாக முடிந்திருக்கும். திறந்த முனைக்குள் லைனைப் புழு நகர்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, வாயில் ஒரு சின்ன ரப்பர் குழாயை இழுத்துவிட்டு, ஒரு சொட்டு சூப்பர் க்ளூ. நம் ஊர் ஃபெவிக்விக் வகைதான். இழுக்க இழுக்கப் பின்னல் இறுகி லைனைக் கவ்விக்கொள்ளும் என்பது இதன் சூட்சுமம். ஐந்து நிமிட வேலை, எந்தப் பூச்சுக்கும் எந்தக் கருவுக்கும் ஒத்துவரும்.

ஆனாலும் எனக்கு இதில் திருப்தியில்லை. பின்னல் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும்; வீசும்போது சாரலாகத் தெறிக்கும், தெளிந்த தண்ணீரில் மீன் ஓடிவிடும். ரப்பர் குழாய் கழன்றால் பின்னலின் வாய் துடைப்பம் மாதிரி விரியும். பசை அதிகமாகப் போனால் பின்னல் குச்சியாக விறைத்து, குழாய் முடிகிற இடத்தில் கச்சிதமாக ஒரு கீல் விழும். சட்டைப் பையில் இரண்டு வைத்திருங்கள், ஆற்றில் லூப் போனால் அன்றைய பொழுதைக் காப்பாற்றும். வீட்டுக்கு வந்ததும் வெட்டி எறிந்துவிட்டு வேறு ஏதாவது செய்யுங்கள்.

லூப்பே இல்லாமல் நெயில் நாட்

பழைய ஆட்கள் செய்தது. லீடரின் தடித்த முனையை லைனைச் சுற்றி ஐந்தாறு சுற்று சுற்றி, சுற்றுகளுக்கு அடியில் முனையைத் திருப்பி நுழைத்து இறுக்குவது. முனை நுழைய வழி வேண்டுமே, அதற்குத்தான் முன்பு ஒரு ஆணியைப் பக்கத்தில் வைத்துச் சுற்றினார்கள். பேர் அப்படி வந்தது. இன்றைக்கு அதற்கென்று கருவி விற்கிறார்கள். நான் தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனா ரீஃபிலை இரண்டங்குலத்துக்கு வெட்டி, கழுவி வைத்திருக்கிறேன். லைனுக்குப் பக்கத்தில் ரீஃபில், இரண்டையும் சேர்த்துச் சுற்று, முனையை ரீஃபிலின் ஓட்டைக்குள் விடு, ரீஃபிலை உருவு, எச்சில் தொட்டு இறுக்கு. சுற்றுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பம்பரத்துச் சாட்டை மாதிரி வரிசையாகப் படிய வேண்டும். அது மட்டும் பழகினால் போதும்.

ஏன் இதை இன்னும் விடாமல் வைத்திருக்கிறார்கள் என்பது ஒருமுறை வீசிப் பார்த்தால் புரியும். லைனும் லீடரும் ஒரே கொடியாக வளைகின்றன. 5ஆம் எண் லைனின் நுனி சுமாராக ஒரு மி.மீ. இருக்கும், அதற்கு அரை மி.மீ. தடிமனுள்ள லீடர் பொருந்தும். குறை என்னவென்றால் முடிச்சு பூச்சைக் கடிக்கும். ஒவ்வொரு சீசன் முடிவிலும் வெட்டி மறுபடி கட்ட வேண்டும், ஒவ்வொரு தடவையும் இரண்டு செ.மீ. லைன் போகும். லீடரை ஆற்றில் மாற்றுவதும் கஷ்டம். விரல் விறைத்துப்போகும் அக்டோபர் குளிரில் நெயில் நாட் கட்டிப் பார்த்தால் தெரியும்.

இந்தக் கஷ்டத்துக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. முப்பது செ.மீ. நீளத்துக்கு அரை மி.மீ. தங்கூசியை மட்டும் நெயில் நாட் போட்டு லைனோடு கட்டிவிடுங்கள். அதன் மறுமுனையில் பர்ஃபெக்ஷன் லூப் என்ற முடிச்சால் ஒரு லூப். இனி லீடர் மாற்றுவதெல்லாம் அந்த லூப்பில்தான். நெயில் நாட்டின்மேல் புற ஊதா விளக்கில் இறுகும் பசையை மெல்லிசாகத் தடவிவிட்டால் தடி வளையத்தில் டக் டக் என்று தட்டுவதும் நின்றுவிடும். தண்ணீர்மேல் மிதக்கும் சின்ன உலர் ஈக்களை மெதுவாக இறக்க வேண்டிய வேலைக்கு இதை அடித்துக்கொள்ள இன்னொன்று இல்லை.

இதிலேயே இன்னும் மழமழப்பாக ஒன்று உண்டு. ஊசியை லைனின் வெட்டுமுகத்தில் கருவுக்குள் இறக்கி, ஒரு செ.மீ. தள்ளிப் பக்கவாட்டில் வெளியே எடுத்து, அந்தத் துளை வழியாகத் தங்கூசியைக் கொண்டுபோய் முடிச்சிடுவது, அல்லது சூப்பர் க்ளூவால் ஒட்டிவிடுவது. கை வைத்துத் தடவினால் எங்கே சேர்கிறது என்றே தெரியாது. ஆனால் ஒட்டினது ஒட்டினதுதான், கரையில் நின்று மாற்ற முடியாது. பசை பழசானால் சொல்லாமல் கொள்ளாமல் உருவிக்கொண்டு வரும். நான் செய்து பார்த்ததில் ஒன்று அரிசிப் பையைத் தாங்கிக்கொண்டு இரவெல்லாம் தொங்கியது. இன்னொன்று தூக்கின உடனே கழன்றது. என் கைக்கோளாறாகவும் இருக்கலாம். ஆனால் எது கழலும் எது கழலாது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியவில்லை. அதனால் விட்டுவிட்டேன்.

லைனையே மடித்துக் கட்டுவது

லைனின் முனையைச் சரிவாகச் சீவி, மடித்து, ஒரு செ.மீ. லூப் விட்டு, சேர்ந்திருக்கும் இரண்டு செ.மீ. பகுதியைக் கட்டுவது. கட்ட இரண்டு வழி.

ஒன்று, 0.25 மி.மீ. தங்கூசியால் இரண்டு நெயில் நாட், பக்கத்துப் பக்கத்தில். கடல்மீன் பிடிக்கிறவர்கள் நம்புவது இதைத்தான். கரு ஒற்றைத் தங்கூசியாக இருந்தாலும், பூச்சு பாலியூரித்தேனாக இருந்தாலும் இதற்குக் கவலையில்லை. ரீஃபில் துண்டும் கொஞ்சம் நரம்பும் இருந்தால் கார் பானட்டின்மேல் வைத்துப் பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம்.

இன்னொன்று, ஈ கட்டும் நூலால் வரிந்து சுற்றுவது. பாபின் பிடியில் நூலை மாட்டி, நூலை லைனில் இரண்டு மூன்று சுற்று சுற்றி, லைனை இரண்டு கையாலும் விறைப்பாகப் பிடித்துக்கொண்டு, பாபினை ராட்டினம் மாதிரி சுழல விட வேண்டும். சுழலும் வேகத்தில் நூல் தானாக இறுகிப் பூச்சுக்குள் பதியும். பார்க்க விளையாட்டாக இருக்கும். முதல் நாலு தடவை பாபின் மேசைக்கடியில் போய் விழும். முப்பது நாற்பது சுற்று முடிந்ததும் மேலே நெகிழ்வான பசை ஒரு பூச்சு. அக்வாசீல் என்றால் ஒரு இரவு காய வேண்டும், புற ஊதாப் பசை என்றால் ஒரு நிமிடம்.

இரண்டிலும் அந்த இடம் லைனின் இரட்டைத் தடிமன். சன்னத் தடியின் முனை வளையத்தில் தட்டும். லீடர் தடியைவிட நீளமாக இருந்தால், மீனைக் கைக்குக் கொண்டுவரும் கடைசி நேரத்தில் இந்த முடிச்சு வளையத்துக்குள் இருக்கும். அந்த நேரம் பார்த்து மீன் திரும்பி ஓடினால் வளையத்தில் சிக்கி டிப்பெட் போகும். முனையைச் சரிவாகச் சீவச் சொன்னது இதற்காகத்தான். 3, 4ஆம் எண் லைன்களுக்கு இது முரடு. 7, 8ஆம் எண் லைனில் ஸ்டீல்ஹெட் என்ற பெரிய ட்ரவுட்டைப் பிடிக்கப் போகிறவர் தயங்காமல் போடலாம்.

கருவை உரித்து லூப் போடுவது

இதைச் செய்யும்போது எனக்கு ஒரு சிரிப்பான அனுபவம். லைனின் நுனி ஐந்து செ.மீ. பகுதியை அசிட்டோனில் ஊறவைத்தால் பிவிசி பூச்சு இளகி, நகத்தால் இழுத்தாலே உறையாகக் கழன்றுவிடும்; உள்ளே இருக்கும் நைலானுக்கு ஒன்றும் ஆகாது. இதைக் கேள்விப்பட்டு மனைவியின் நெயில் பாலிஷ் ரிமூவரை எடுத்து ஒரு மூடியில் ஊற்றி லைனைப் போட்டேன். கால் மணி நேரம். ஒன்றுமில்லை. இன்னும் அரை மணி நேரம். லைன் குளித்து முடித்த மாதிரி பளபளவென்று இருக்கிறது. பக்கத்தில் வந்து பார்த்தவர் பாட்டிலைத் திருப்பிக் காட்டினார்: அசிட்டோன் இல்லாதது என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. அசிட்டோன் உள்ளதை வாங்கி ஊற்றியபோது சில நிமிடத்தில் பூச்சு கழன்றது. ஆனால் சரியான அசிட்டோன் இருந்தாலும் பாலியூரித்தேன் பூச்சு அசையாது. அதற்கு ஒரு தங்கூசித் துண்டை லைனைச் சுற்றி இறுக்கி, ஒயரின் மேல்தோலைப் பல்லால் கடித்து இழுப்போமே, அப்படி இழுத்து உரிக்க வேண்டும்.

உரித்த கருவை மடித்து, லூப்புக்கு அரை செ.மீ. விட்டு, மீதி முனையை ஊசியில் கோர்த்துக் கருவின் கூட்டுக்குள்ளேயே இரண்டு செ.மீ. இழுத்துவிட வேண்டும். பாவாடைக்கு நாடா கோர்க்கிற அதே வேலை, ஊசி மட்டும் சின்னது. ஒரு சொட்டுப் பசை. கிடைக்கிற லூப் எல்லா முறையிலும் சன்னமானது, நன்றாக வளையக்கூடியது. கண்ணுக்கு அழகு.

ஆனால் வெறும் கரு தண்ணீரை உறிஞ்சும். மேலே பசை பூசாமல் விட்டால் லைன் நுனி மூழ்கும். கனமாகப் பூசினால் விறைத்துப்போகும். சில லைன்களில் பின்னல் மிக இறுக்கம், ஊசி நுழையவே நுழையாது. ஒற்றைத் தங்கூசிக் கரு என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. பொறுமையும் கண் பார்வையும் இருப்பவர்கள் செய்யலாம்.

உருக்கி ஒட்டுவது

கடையில் வாங்கும் லைனில் வருவது இந்த லூப்தான். வீட்டிலும் செய்யலாம் என்பது தெரிந்தபோது எனக்கு ஆச்சரியம்.

வேண்டியது எலெக்ட்ரீஷியன்கள் ஒயருக்குப் போடும் ஹீட் ஸ்லீவ். சூடு பட்டால் சுருங்கும் குழாய். கறுப்பு வேண்டாம், உள்ளே தெரிகிற நிறமில்லாதது வேண்டும். லைனின் முனையைப் பிளேடால் நீளச் சரிவாகச் சீவி, மடித்து, இரண்டு செ.மீ. ஒன்றின்மேல் ஒன்று படிய வைத்து, மடித்த இரட்டைத் தடிமன் நுழையுமளவு ஸ்லீவை மேலே ஏற்றி, சூடு காட்ட வேண்டும். ஸ்லீவ் முதலில் சுருங்கி இரண்டு இழைகளையும் நெருக்கும். அதோடு நிறுத்திவிட்டால் ஒட்டாது. தலைமுடி உலர்த்தும் சாதாரண டிரையரில் பெரும்பாலும் இதோடு நின்றுவிடுகிறது. பிவிசி இளகி ஒன்றோடொன்று கலக்க 160 டிகிரிக்கு மேல் வேண்டும். நைலான் கருவோ 220 டிகிரிக்கு மேல் உருகிவிடும். அந்த இடைவெளிக்குள் விளையாட வேண்டும்.

லைட்டரால் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் செய்ததில் மூன்றில் இரண்டு கருகியது. பெயின்ட் உரிக்கிற ஹீட் கன் பரவாயில்லை. கடைசியில் கைகொடுத்தது முடியை நேராக்கும் ஸ்ட்ரெயிட்னர். சூட்டை 180இல் வைக்கலாம், அது அங்கேயே நிற்கும். ஸ்லீவ் போட்ட இடத்தைத் தகடுகளுக்கு நடுவில் லேசாக வைத்து உருட்ட வேண்டும். அழுத்தினால் தட்டையாகிவிடும். பத்துப் பத்து விநாடியாகச் சூடு காட்டி, எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு இழைகளுக்கும் நடுவில் ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு மறையும்போது ஒட்டிவிட்டது என்று அர்த்தம். சீவிய முனையும் கரைந்து லைனோடு சமமாகிவிடும்.

எடுத்ததும் இழுத்துப் பார்க்கக் கை பரபரக்கும். வேண்டாம். முழுக்க ஆறட்டும். அப்புறம் ஸ்லீவை நீளவாக்கில் மேலாகக் கீறி உரிக்க வேண்டும். பிளேடு லைனைத் தொட்டால் அத்தனை வேலையும் வீண். பிவிசி கருகினால் வரும் புகை தொண்டையை அரிக்கும், உடம்புக்கும் ஆகாது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். நல்ல லைனில் நேரடியாகக் கை வைக்காமல், வெட்டிப்போட்ட துண்டில் குறைந்தது மூன்று லூப்பாவது செய்து பழகுங்கள்.

இப்படி வந்த லூப்பைப் பிடித்து வளைத்துப் பாருங்கள். முடிச்சு இல்லை, நூல் இல்லை, பிசிறு இல்லை. மிதக்கிறது, வளையத்தில் வழுக்கிக்கொண்டு போகிறது. பின்னல் கரு உள்ள பிவிசி லைனுக்கு வீட்டில் செய்யக்கூடியதில் என் முதல் ஓட்டு இதற்குத்தான். ஒற்றைத் தங்கூசிக் கரு என்றால் கதை வேறு. வழவழப்பான தங்கூசிமேல் பூச்சுக்குப் பிடிப்புக் குறைவு, இழுத்தால் பூச்சு மட்டும் உறையாக வழுக்கி வந்துவிடும். அங்கே உருக்கின இடத்தின்மேல் ஒரு நெயில் நாட்டையும் சேர்த்துப் போட்டுவிடுவது நல்லது, அல்லது பேசாமல் இரட்டை நெயில் நாட்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எவ்வளவு வெட்டலாம்?

எந்த முறைக்கும் கெட்ட பகுதியை வெட்டித்தான் ஆக வேண்டும். அதில்தான் பலருக்கும் மனசு வராது. பெரும்பாலான லைன்களில் நுனி ஒரு சாண் போலத் தடிமன் மாறாமல் இருக்கும். அதற்குப் பிறகுதான் படிப்படியாகத் தடிக்கும். அந்த ஒரு சாணுக்குள் வெட்டுவதில் வித்தியாசமே தெரியாது. முப்பது செ.மீ. போனாலும் என் கைக்குத் தெரியவில்லை. ஒரு மீட்டர் போனால் ஈ கொஞ்சம் தொப்பென்று விழும். வெட்டின முகத்தில் மறக்காமல் ஒரு சொட்டுப் பசை வையுங்கள், கருவுக்குள் தண்ணீர் ஏறாது.

நடு லைனில் வெடிப்பு என்றால் வேறு கணக்கு. முதலில் கரு கெட்டதா, பூச்சு மட்டுமா என்று பார்க்க வேண்டும். விரலில் மடித்துப் பாருங்கள். உருண்டையாக வளைந்தால் பூச்சு மட்டும்தான். சோப்புத் தண்ணீரில் கழுவி, ஆல்கஹாலால் துடைத்து, நெகிழ்வான பசையை மெல்லிசாகத் தடவினால் தீர்ந்தது. கூர்மையாக மடிந்தால் அங்கே கரு தெரிகிறது அல்லது நைந்திருக்கிறது. அந்த இடம் பின்பக்கத்துச் சன்ன ஓட்ட லைனில் இருந்தால் வெட்டி, இரு முனைகளையும் மூன்று செ.மீ. உரித்து, ஒரு கருவை இன்னொன்றுக்குள் கோர்த்து, பசை வைத்து, நூலால் வரிந்துவிடலாம். ஒரு சீசன் ஓடும். முன்பக்கத்துத் தடித்த பகுதியில் அறுந்திருந்தால் எனக்கு இந்த வேலையில் நம்பிக்கையில்லை. ஒவ்வொரு வீச்சுக்கும் வளைந்து உருண்டு போகும் இடம் அது. அங்கே புது லைன்தான்.

இரண்டு பக்கமும் சரிந்து வரும் டபுள் டேப்பர் லைன் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு அதிர்ஷ்டம். ரீலில் இருந்து முழுக்க அவிழ்த்து, திருப்பிச் சுற்றினால் மறுமுனை புத்தம் புதுசு. ரிப்பேரைப் பற்றி யோசிக்கும் முன் ரீலில் இருப்பது எது என்று ஒருமுறை பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அது தெரியாமல் நல்ல லைனைக் குப்பையில் போட்டார்.

லூப் எப்படிப்பட்டதாக இருந்தாலும் அதில் லீடரை மாட்டுவதில் ஒரு தப்பு பலரும் செய்கிறோம். லீடரின் லூப்பை லைனின் லூப்பின்மேல் ஏற்றி, லீடரின் மறுமுனையை லைன் லூப் வழியாக இழுத்து இறுக்கும்போது, இரண்டு லூப்பும் கைகுலுக்குகிற மாதிரி ஒன்றையொன்று சமமாகப் பிடித்திருக்க வேண்டும். ஒரு லூப் புரண்டு இன்னொன்றின் கழுத்தில் சுருக்குப் போட்டுக்கொண்டால் தங்கூசி பூச்சை அறுக்கும். என் லூப் வெடித்ததற்கு அது பாதிக் காரணம். மீதிப் பாதி கொசு மருந்து. டீட் என்ற ரசாயனம் கலந்த மருந்தைக் கையில் தேய்த்துவிட்டு அதே கையால் லைனை இழுத்துக்கொண்டிருந்தேன். டீட் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். இப்போது புறங்கையால் தடவிக்கொள்கிறேன், உள்ளங்கையில் படவிடுவதில்லை.

சோதிக்காமல் எந்த லூப்பையும் ஆற்றுக்குக் கொண்டுபோவதில்லை. அடித்தளத்துக் குழாயில் லைனை நாலு சுற்று சுற்றிவிட்டு, லூப்பில் தடித்த கயிறு கட்டி, 20 பவுண்டு பொன்னி அரிசிப் பையைத் தொங்கவிடுவேன். கிட்டத்தட்ட 9 கிலோ. கருவின் எல்லைக்குப் பக்கம் என்பதால் மெதுவாகத்தான் இறக்க வேண்டும், தொபுக்கென்று விடக் கூடாது. தொங்குகிற பையின் கைப்பிடியில் ஒரு விரல் அளவு இழுத்து ஆட்டிப் பார்ப்பேன். முதல் முறை பை கீழே விழுந்து வெடித்ததில் பெருக்குவதற்கு ஒரு மணி நேரம் ஆனது. அதிலிருந்து கீழே ஒரு தலையணை போட்டுக்கொள்கிறேன்.

இந்த ஏப்ரலில் சீசன் திறக்கும்போது என் மூன்று ரீல்களில் இருந்தவை இவை: 4ஆம் எண்ணில் நெயில் நாட்டும் முப்பது செ.மீ. தங்கூசியும். கிளையில் லூப்பைப் பறிகொடுத்த அந்த 5ஆம் எண்ணில் ஸ்ட்ரெயிட்னரில் உருக்கிய லூப். ஸ்டீல்ஹெட்டுக்கான 8ஆம் எண்ணில் இரட்டை நெயில் நாட், மேலே பசை. பின்னல் உறை லூப் இரண்டு, ஒரு ரீஃபில் துண்டோடு, சட்டைப் பையில்.